வினாவுக்கு எதிர்வினா: ஒரு சொல்விளையாட்டின் வரலாறு

1. ஆட்டமும் அதன் விதியும்

மொழி கருத்தைப் புலப்படுத்தும் கருவி என்பது யாவரும் அறிந்ததே. அது விளையாட்டுப் பொருளும் ஆகும் என்பதை அறிஞரைவிடச் சிறுவர் நன்கறிவர். இருவர் எதிரெதிரே அமர்ந்து, வினாக்களாலன்றி வேறெவ்வகையாலும் பேசுவதில்லை என்று உடன்பட்டு உரையாடுவது அத்தகைய சொல்விளையாட்டுக்களுள் ஒன்றாகும். அதன் விதி மிக எளியது. ஒருவர் வினவியதற்கு மற்றவர் நேர்விடை கூறலாகாது, வாளாவிருத்தலும் ஆகாது. தாம் கூறக் கருதிய விடையையே ஒரு வினாவாக்கி எதிர் தொடுத்தல் வேண்டும். நாத்தவறிச் செய்தி வாக்கியம் ஒன்றைக் கூறிவிட்டவர் தோற்றவராவர்.

இவ்விளையாட்டின் இயல்பை உணர்த்துதற்கு ஓர் எடுத்துக்காட்டினைக் கற்பித்துக் காணலாம். இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானப் பகுதியில், சிங்கராஜ வனத்தை அடுத்துத் தேயிலையும் இறப்பரும் வளரும் மலைச்சரிவிலே ஒரு தோட்டம். மழை ஓயாத மாலைப்பொழுது. லயத்து இஸ்தோப்பிலே அமர்ந்து, கைத்தொலைபேசித் திரையிற் பழைய வீடியோ விளையாட்டான பாக்-மேனை ஆடிக்கொண்டிருக்கும் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே உரையாடல் இவ்வாறு அமைகின்றது எனக் கொள்வோம்:

"ஏன்டா தம்பி, இந்த மஞ்ச வாயனுக்கு இன்னுமா பசி அடங்கல?"

"பசி அடங்கிட்டா ஆட்டம் ஏதுண்ணே?"

"அப்ப இந்தப் பேய்ங்க மட்டும் ஏன் பட்டினியா அலையுது?"

"அதுங்களுக்கு யாரு சோறு போட்டா?"

"நாலு பேயும் சேந்து ஒருத்தனைத் தொரத்துறது நாயமாடா?"

"பெரிய குளிசையைத் தின்னுட்டு அவன் திரும்பித் தொரத்துனப்ப நாயம் கேட்டீங்களாண்ணே?"

இவ்விடத்தில் அண்ணன் "சும்மா இருடா" என்பாராயின் ஆட்டம் முடிந்தது, அவர் தோற்றார். இவ்வுரையாடலில் ஒரு செய்தி வாக்கியமேனும் இல்லை. ஆயினும் பாக்-மேன் எத்தகைய விளையாட்டு என்பதனை அதனை ஒருகாலும் கண்டிராதவரும் இதனால் ஓரளவு அறிந்துகொள்ளலாம். இறுதி வினா சிறப்பாக நோக்கத்தக்கது. துரத்தப்படுபவன் பெரிய குளிசை ஒன்றை உண்டதும் சிறிதுநேரம் துரத்துபவனாக மாறுகின்றான். அதே வேளையில், வினவப்பட்ட தம்பியும் வினவுபவனாக மாறுகின்றான். விளையாட்டின் பொருளும் விளையாட்டைப் பற்றிய பேச்சின் வடிவமும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன.

வினவப்படும் நிலையிலிருந்து வினவும் நிலைக்கு மாறும் இம்மாற்றம் வெறும் வேடிக்கையா, அன்றி அதற்கொரு வரலாறும் சமூகப் பொருளும் உளவா என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருளாகும்.

2. இலக்கண நூலார் கண்ட எதிர்வினா

ஒரு வினாவுக்கு மற்றொரு வினா விடையாகுமா என்ற ஐயம் தமிழிலக்கண நூலார்க்கு மிகப் பழங்காலத்திலேயே எழுந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கம், செப்பும் வினாவும் வழுவாமற் காக்கப்படல் வேண்டும் என விதிக்கின்றது. செப்பு என்பது விடை. அவ்வாறு விதித்த ஆசிரியர், வினாவை எதிர்த்து வரும் வினாவும் செப்பேயாகும் என்று தெளிவாகக் கூறினார். உண்கின்றாயா என்று வினவப்பட்ட ஒருவன், உண்ணாதிருப்பேனா என்று திருப்பி வினவினால் அவன் விடையிறுத்தவனே ஆகின்றான். வடிவம் வினா; பணி விடை. சொல்லின் வடிவினையும் அது பேச்சில் ஆற்றும் பணியினையும் பிரித்தறிந்த இந்நுட்பம் மனங்கொள்ளத்தக்கது.

13ஆம் நூற்றாண்டினைச் சார்ந்த பவணந்தி முனிவர் தம் நன்னூலில் இதனை மேலும் வகைப்படுத்தினார். அவர் வினாவினை ஆறாகப் பகுத்தார். விடை தெரிந்தும் பிறர் அறிவினைச் சோதிக்க வினவுவது அறிவினா. தெரியாது வினவுவது அறியா வினா. இதுவோ அதுவோ என மயங்குவது ஐய வினா. ஒரு பொருளைப் பெறுதற்பொருட்டு வினவுவது கொளல் வினா. கொடுத்தற்பொருட்டு வினவுவது கொடை வினா. ஒரு செயலைச் செய்விக்கக் கருதி வினவுவது ஏவல் வினா. கடையிற் சென்று அரிசி உண்டா என்பவர் அறிவை நாடுபவரல்லர், அரிசியை நாடுபவர். படித்தாயா என்று மகனை வினவும் தாய் செய்தியை நாடவில்லை. அவனைப் படிக்க ஏவுகின்றாள்.

விடையினையோ அவர் எட்டாகப் பகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரான விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் நேராக விடை கூறாவிடினும் விடையின் பொருளைத் தருவன என்பதனால் உடன்பாடு பெற்றன. பொருளைத் தருதல் என்ற அந்நிபந்தனையே வினா விளையாட்டின் உயிர்நிலையாகும். தில்லைக்கு வழி கேட்டவனுக்குச் சிவப்புக் காளையின் விலையைக் கூறுவது செப்பு வழு என உரையாசிரியர் காட்டுவர். ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டி, இது நெடியதோ குறியதோ என வினவுவது வினா வழுவாகும். ஒப்பிடுதற்கு மற்றொன்றின்றி நெடுமையும் இல்லை, குறுமையும் இல்லை. ஆகவே வாயில் வந்த வினாவையெல்லாம் எறிவது விளையாட்டன்று. எதிர்வினா முன்வினாவுக்கு விடையாகவும் இருத்தல் வேண்டும்; மற்றவர் எதிர்கொள்ளத்தக்க புதிய வினாவாகவும் இருத்தல் வேண்டும்.

தமிழின் அமைப்பும் இவ்விளையாட்டுக்குத் துணைசெய்கின்றது. எகரமும் யாவும் சொல்லின் முதலிலும், ஆகார ஓகாரங்கள் இறுதியிலும், ஏகாரம் ஈரிடத்தும் வினாப்பொருள் தரும் என்பது நன்னூலார் கொள்கை. இறுதியில் நிற்கும் ஆகாரம் எச்சொல்லையும் பற்றி நிற்க வல்லது. கண்ணன் நேற்று ஆடினான் என்ற ஒரே தொடரிலிருந்து, கண்ணனா நேற்று ஆடினான், கண்ணன் நேற்றா ஆடினான், கண்ணன் நேற்று ஆடினானா என மூன்று வினாக்கள் பிறக்கும். மூன்றின் நோக்கமும் வெவ்வேறு. சிங்களத்திலுள்ள 'த' என்னும் வினா இடைச்சொல்லும் இவ்வாறே வினவக் கருதிய சொல்லினைப் பற்றி நிற்பதாகும். சிங்களக் கிராமங்களை அடுத்தும் அவற்றினூடேயும் அமைந்த சபரகமுவத் தோட்டங்களில் இரு மொழியும் பழகி வளரும் சிறுவர்க்கு, ஒரு மொழியிற் கற்ற வினாத்திறன் மற்ற மொழியிலும் கைகொடுக்கும் என்பதில் வியப்பில்லை.

3. ஆடுகளத்தில் வினா

இலக்கணத்தில் இடம்பெற்ற எதிர்வினாவை நோக்கியபின், விளையாட்டில் வினா பெற்ற இடத்தினை நோக்குதல் பொருத்தமாகும். முதலில் நினைவுக்கு வருவது விடுகதை. தொல்காப்பியச் செய்யுளியல் இதனைப் பிசி எனப் பெயரிட்டு, பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணியது. நொடி, வெடி, அழிப்பான் கதை, புதிர் எனப் பிற்காலத்தில் அது பல பெயர் பெற்றது. சிங்கள மக்களிடையே தேரவிலி என்ற பெயரிற் செய்யுள் வடிவான விடுகதைகள் பல வழங்குகின்றன.

எனினும் விடுகதைக்கும் வினா விளையாட்டுக்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. விடுகதை போடுபவர் விடையை முன்னரே அறிந்தவர். நன்னூலார் கூற்றின்படி அது அறிவினா. ஆதலின் அங்கே வினவுவோர் மேலிடத்திலும் வினவப்படுவோர் கீழிடத்திலும் நிற்பர்; விடை கண்டாலன்றி அந்நிலை மாறாது. வினாக்களாலாகிய உரையாடலிலோ மேலிடம் ஒவ்வொரு கூற்றிலும் கைமாறுகின்றது. பந்தாட்டத்திற் பந்து கைமாறுதல் போன்றதே இது.

இவ்வுவமை புதியதன்று. தமிழ் மகளிர் காய்களை மேலெறிந்து ஆடிய அம்மானை ஆட்டத்தில் வினாவும் விடையும் காய்களோடு கைமாறின. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இடம்பெறுகின்றது. பிற்காலக் கலம்பகங்களில் இவ்வுறுப்பு மூவர் ஆடும் ஆட்டமாக வடிவம் பெற்றது. முதல்வி ஒரு செய்தியைக் கூறுவாள்; இரண்டாமவள் அச்செய்தியிலுள்ள முரண்பாடொன்றைச் சுட்டி வினவுவாள்; மூன்றாமவள் சிலேடையால் அம்முரணை நீக்குவாள். காய் கீழே விழாதிருத்தல் எவ்வளவு இன்றியமையாததோ, சொல் கீழே விழாதிருத்தலும் அவ்வளவு இன்றியமையாதது.

இதனினும் நெருங்கிய உறவுடையது சாழல். மகளிர் இருதிறத்தாராகப் பிரிந்து ஆடிய இவ்விளையாட்டில் ஒருதிறத்தார் இறைவன் செயலை எள்ளுவார்போல் வினவ, மறுதிறத்தார் அவ்வெள்ளலையே புகழாக மாற்றி விடையிறுப்பர். திருமங்கையாழ்வார் பாசுரங்களிலும் மாணிக்கவாசகரின் திருவாசகத்திலும் இவ்வடிவம் காணப்படுகின்றது. திருவாசகத்துத் திருச்சாழல் 20 பாடல்களைக் கொண்டது. அதனைப்பற்றித் திருவாதவூரடிகள் புராணம் கூறும் கதையில் ஈழத்துக்கும் இடமுண்டு. ஈழத்து மன்னன் ஒருவன் தன் ஊமை மகளுடன் தில்லைக்கு வந்தான் என்றும், சமயவாதத்தில் எழுந்த வினாக்களுக்கு அம்மகளே வாய்திறந்து விடை கூறினாள் என்றும், அவ்வினாவிடையே திருச்சாழலாயிற்று என்றும் அக்கதை கூறும். இது சமயப் பூசலின் நிறம் தோய்ந்த கதை. வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளத்தக்கதன்று. ஆயினும் பேச்சற்றவள் வினாவை எதிர்கொண்ட அளவிலே பேச்சுடையவளானாள் என்ற அதன் கருத்து, இக்கட்டுரையின் பொருளுக்கு மிக அணித்தானது.

சைவ சாத்திர நூல்கள் 14இல் ஒன்றான வினாவெண்பாவும் இவ்விடத்துச் சுட்டத்தக்கது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் இயற்றிய 13 வெண்பாக்களாலான இந்நூல், மாணவர் ஆசிரியரை நோக்கி வினவும் போக்கில் அமைந்தது. கருத்து முழுவதையும் வினாவினுள்ளேயே பொதிந்து வைக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

மராத்தியர் ஆட்சியின் வழியே தஞ்சைப் பகுதியிற் பரவிய லாவணி இம்மரபினை ஊர்ப்பொதுவிடத்துக்குக் கொணர்ந்தது. சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. இரு கட்சியினரும் இரவெல்லாம் பாட்டில் வினா விடுத்து மடக்குவர். விடை தெரியாத கட்சி எதிர்வினாவால் தப்புவதும் உண்டு. மன்மதன் கதையை நடிக்கும் காமன் கூத்து, தமிழகத்துத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தோட்டத் தொழிலாளராக வந்தோருடன் இலங்கை மலையகத்தையும் அடைந்தது. மாசி மாதத்திலே தப்பொலியுடன் அது இங்கு ஆடப்பட்டு வந்துள்ளது. எரிந்த மன்மதன் இரதிக்கு மட்டும் தோன்றுமாறு மீண்டும் உயிர்பெற்றான் என்பது கதை. எரிந்தானா, எரியவில்லையா என்ற வினாவுக்கு இறுதி விடை இல்லாமையே அவ்வாதம் தலைமுறைகள் தோறும் நிலைபெற்றதற்குக் காரணம் எனலாம்.

பிற்காலத்தில் இச்சுவையைத் திரைப்படமும் பயன்படுத்திக்கொண்டது. 1965இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தில், தருமியாக நடித்த நாகேஷ், தமக்கு வினவ மட்டுமே தெரியும் என்ற கருத்தில் இறைவனிடம் கூறும் இடத்திலே அரங்கம் சிரித்தது. வறுமையும் அறியாமையும் உடைய ஒருவன், அனைத்தும் அறிந்தவனை வினவும் உரிமையைத் தன்கையில் எடுத்துக்கொள்வதே அந்நகைச்சுவையின் வேர்.

4. இயந்திரமும் வினாவும்

வினாவால் ஆடும் ஆட்டம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1966ஆம் ஆண்டு எடின்பரோவில் முதன்முதலாக மேடையேறிய டொம் ஸ்டொப்பாட்டின் நாடகத்தில், ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகத்துச் சிறுபாத்திரங்களான ரோசன்கிராண்ட்சும் கில்டன்ஸ்ரேனும் வினாக்களை ரெனிஸ் பந்தாக அடித்து ஆடுகின்றனர். செய்தி வாக்கியம் கூறினாலும், கூறியதே கூறினாலும் புள்ளி இழக்கப்படும். தம்மைச் சுற்றி நடப்பது யாதென்றே அறியாத அவ்விருவர்க்கும் எஞ்சிய ஒரே சுதந்திரம் அவ்விளையாட்டே என்பது அந்நாடகத்தின் துயரம்.

அதே 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், 'எலைசா' என்னும் கணினி நிரலைப்பற்றி எழுதினார். அதன் புகழ்பெற்ற வடிவம் உளமருத்துவரைப்போல் நடித்து, பயன்படுத்துவோர் எழுதிய சொற்களையே பெரும்பாலும் வினாவாகத் திருப்பி அளித்தது. அதற்கு எதுவும் விளங்கவில்லை. ஆயினும் மனிதர் அதனிடம் மனந்திறந்தனர். வினா விடுப்பவர் தம்மைக் கவனிக்கின்றார் என்று கொள்வது மனித இயல்பு என்பதனை அது வெளிப்படுத்தியது. பொருளறியாது தொடுக்கும் எதிர்வினா ஆளை மயக்கலாம் என்ற எச்சரிக்கையும் இதில் அடங்கியுள்ளது.

பழைய வீடியோ விளையாட்டுக்கள் வினா உரையாடலுக்கு ஏற்ற பொருளாவதற்கும் காரணம் உண்டு. 1972இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பொங்' திரையிலே ஒரு பந்தினை இருவர் மாறிமாறி அடிப்பதன்றி வேறன்று. 1978இல் ஜப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோ அமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய எஞ்சியோரின் வேகம் கூடியது. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தமையால் கருவி விரைந்து இயங்கியதே அதன் காரணம், குறையே சுவையாயிற்று. 1980இல் நம்கோ நிறுவனத்தின் தோரு இவாடனி படைத்த பாக்-மேன், ஒவ்வொரு சுற்றிலும் 240 சிறு புள்ளிகளையும் 4 பெரிய குளிசைகளையும் உண்டு தீர்த்தால் மீண்டும் முதலிலிருந்தே உண்ணத் தொடங்கும். அதற்கு முடிவென ஒன்று வகுக்கப்படவில்லை. 256ஆம் சுற்றில் எண்ணிக்கைக் கோளாற்றினாற் பாதித்திரை எழுத்துக் குப்பையாகிவிடுவதே அதன் முடிவு. 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜிட்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' ஆட்டமும் கட்டைகள் நிரம்பித் தோற்கும்வரை தொடர்வது. இவற்றுட் பலவற்றில் வெற்றி என்று ஒன்றில்லை. தோல்வியைத் தள்ளிப்போடுவதே ஆட்டம். வினாக்களாலாகிய உரையாடலும் அவ்வாறே. வென்று முடிப்பவர் இலர். தவறும்வரை தொடர்பவரே உளர்.

படமின்றி எழுத்தால் மட்டும் ஆடப்பட்ட பழைய கணினி விளையாட்டு ஒன்றில் நிகழ்வதும் இங்கு நினைக்கத்தக்கது. வில் குரௌதர் தொடங்கி, 1977இல் டொன் வூட்ஸ் விரிவாக்கிய அவ்விளையாட்டிற் குகைகளினூடே செல்பவர் ஒரு பறவைநாகத்தை எதிர்ப்படுவார். அதனைக் கொல் என்று அவர் கட்டளையிட்டால், எதனால் கொல்வது, வெறுங்கையாலா என்ற கருத்திற் கணினி எள்ளி வினவும். அதனை எள்ளலாகக் கொண்டு திரும்பிச் செல்வோர் பலர். உண்மை வினாவாகக் கொண்டு ஆம் என எழுதியவர்க்கோ பறவைநாகம் மடிந்துவிடும். வாயடைக்கத் தொடுக்கப்பட்ட வினாவை, விடைபெறத் தொடுக்கப்பட்ட வினாவாகக் கொள்ளத் துணிந்தமையே அவர் வெற்றியாகும். இந்நுட்பம் விளையாட்டுக்கு அப்பாலும் பயன்படக்கூடியது.

5. தோட்டத்தில் வினவியோரும் வினவப்பட்டோரும்

தோட்ட வாழ்வின் வரலாறு ஒருவகையில் வினவும் உரிமையின் வரலாறே. வைகறையிற் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றோரை நோக்கித் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் வினவினர். நேற்று ஏன் வேலைக்கு வரவில்லை, கொழுந்து ஏன் குறைந்தது என்பன வடிவத்தில் வினாக்கள். நன்னூலார் நோக்கில் அவை ஏவல் வினாக்களாகும். அவற்றுக்கு எதிர்பார்க்கப்பட்ட விடை பணிவே. பிரித்தானியத் தோட்டத்துரைமார் தமிழ் கற்றற்பொருட்டுக் கொழும்பில் வெளிவந்த கைந்நூல்களுள் ஒன்றின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். தலைப்பே ஓர் ஏவல். ஆள்வோர் தொழிலாளரின் மொழியைக் கற்றது அவருடன் உரையாடுதற்கன்று, அவரை ஏவுதற்கே என்பதனை அப்பெயர் உணர்த்துகின்றது.

நாடு விடுதலை பெற்ற பின்னர் வினவுவோர் மாறினர். வினாவின் தன்மை மாறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரைக் குடியுரிமை அற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பிக்க வழி திறந்தது. ஆனால் 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவுதல் வேண்டும் என அது விதித்தது. எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், இடையிற் சென்றாயா, சான்று எங்கே என்னும் வினாக்கள் எழுத்தறிவு குறைந்த மக்கள் முன் வைக்கப்பட்டன. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பாக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இக்காலப்பகுதியிற் சபரகமுவ மாகாணத்தில் எழுந்த வழக்கொன்று எதிர்வினாவின் வரலாற்றிற் சிறப்பிடம் பெறத்தக்கது. கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தேர்தற் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடாக்கன் பிள்ளை என்பார் கோரினார். நீர் இந்நாட்டின் பிரசையா என்பதே அதிகாரிகள் தரப்பின் வினா. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ கூறுவதுடன் அவர் தரப்பு அமையவில்லை. ஒரு சமூகத்தின் உரிமையை மட்டும் பறிக்கும் சட்டத்தை அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு அனுமதிக்கின்றதா என்று அது திருப்பி வினவியது. மீளாய்வு அதிகாரி அவர் கோரிக்கையை ஏற்றார். 1951இல் உயர்நீதிமன்றம் அம்முடிவினைத் தள்ளியது. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. எதிர்வினா வழக்கிற் தோற்றது. ஆயினும் அது வினவப்பட்டுவிட்டது. நீதிமன்ற ஏடுகளில் நிலைபெற்றும்விட்டது. இலங்கை அரசியலமைப்பு வரலாற்றைக் கற்கும் மாணவர் இன்றும் அவ்வினாவை எதிர்கொள்ளாமல் அப்பாற் செல்ல இயலாது.

1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகக் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்கே வாழ விரும்புகின்றீர் என்று அம்மக்களை எவரும் முன்கூட்டி வினவியதில்லை. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களையும் தாக்கியபோது, நீ யார் என்ற வினா உயிருக்கே உலைவைக்கும் வினாவாயிற்று. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை அளிக்க வகைசெய்தது. 1948இல் எழுந்த வினா ஓய்வதற்கு 55 ஆண்டுகள் சென்றன.

6. முடிவுரை

இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கும்போது, லயத்து இஸ்தோப்பிலே அண்ணனும் தம்பியும் ஆடுவதாகக் கற்பித்த ஆட்டம் சிறுபிள்ளை விளையாட்டாக மட்டும் தோன்றாது. பல தலைமுறைகளாக வினவப்படுவோராகவே வைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளை, வினாவை அஞ்சாது எதிர்நோக்கி, அதன் பொருளை அறிந்து, அதற்குப் பொருந்திய வினாவை மீள விடுக்கும் பயிற்சியினை அவ்விளையாட்டிற் பெறுகின்றது. விளையாட்டு உரிமையைத் தந்துவிடாது. கோடாக்கன் பிள்ளை வழக்கினை விளையாட்டு நடத்தவில்லை. ஆனால் வினவுதல் தனக்கும் உரியது என்ற உணர்வு எங்கேனும் முளைவிடல் வேண்டும். அது அச்சமற்ற இடத்திலேயே முளைவிடும். விளையாட்டினும் அச்சமற்ற இடம் வேறில்லை.

இதிற் கல்வியாளர்க்கும் ஒரு செய்தி உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் விடுப்பன பெரும்பாலும் அறிவினாக்களே. மாணவர் கூறுவன நேர்விடைகளே. திருப்பி வினவும் மாணவரைத் துடுக்கானவர் எனக் கருதும் வழக்கம் தோட்டப் பாடசாலைக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலும் அது உண்டு. வினாவை எதிர்த்து வரும் வினாவும் விடையே என்று விதித்த இலக்கணத்தை அதே மண்டபத்திற் கற்பித்துக்கொண்டே, அவ்விடையை மாணவரிடமிருந்து ஏற்க மறுப்பது முறையாகுமா?